ஈட்டிக்காரனுக்குப் போட்ட மாலை

அன்பு மகன் சேகருக்கு,

உன் கடிதமும் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியும் வெள்ளிக்கிழமை ஒரே உறையில் வந்தன. மாதிரியை உன் அம்மா எடுத்துக்கொண்டாள். கடிதம் என்னிடம் மிஞ்சியது. சென்னையில் ஒரு வாரப் பத்திரிகை ‘இவர் யார்?’ என்று ஒரு பக்கம் தொடங்கப்போகிறது, பழைய படங்களின் ஓரத்தில் நின்று மறக்கப்பட்டுப்போன நடிகர்களை அடையாளம் கண்டு எழுதும் வேலையை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள், முதல் வாரமே நம் ஈட்டிக்காரனைப் போட்டுவிடலாம், அந்தப் பேச்சியம்மாள் கதையையும் சேர்த்தால் வாசகர்கள் உருகிப்போவார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஆல்பங்களையும் அட்டைகளையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பச் சொல்கிறாய். அனுப்பப்போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் என்றால் நாலு வார்த்தை சொல்ல ஆரம்பித்து இரண்டாவது வார்த்தையில் நின்றிருப்பேன். உன் எதிரில் மட்டுமல்ல, யார் எதிரிலும் எனக்கு அப்படித்தான். காகிதத்தில்தான் எனக்குக் கொஞ்சம் முதுகெலும்பு உண்டு.

நாம் செய்ததை நீ ‘ஆராய்ச்சி’ என்று எழுதியிருக்கிறாய். படித்தபோது எனக்கு வாய் கசந்தது. சாந்தன்பாறைக் கடைத்தெருவில், டீக்கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போகும் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். ஐந்தாறு பேர், எல்லாரும் ஐம்பதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள், வீட்டில் யாரும் காது கொடுக்காதவர்கள். பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களை விரித்துவைத்து, கதாநாயகனை விட்டுவிட்டு, அவனுக்குப் பின்னால் சாமரம் வீசுகிறவன் யார், தேர் ஓட்டுகிறவன் யார், மூன்றாவது தோழி யார் என்று சண்டை. சரியாகச் சொன்னவனுக்கு ஒரு டீ. தன் மனைவியின் காது எப்படி இருக்கும் என்று கேட்டால் முழிக்கிற ஆசாமிகள், முப்பது வருஷத்துக்கு முந்திய ஒரு தேரோட்டியின் காது மடலுக்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். கீழே டீ ஆற்றும் மத்தாயிச் சேட்டன் ஒருநாள் படியில் பாதி ஏறி வந்து, “சாரே, தினமும் கீழே சாயா குடிக்கிறவன் பேரு அறியில்ல, மேலே வந்து செத்தவன் பேரு தேடுறீங்களோ?” என்று கேட்டுவிட்டுப் போனார். நாங்கள் சிரித்தோம். அந்த ஆளுக்கு ரசனை இல்லை என்று முடிவு செய்தோம்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. இண்டர்மீடியட் படித்தவன், எஸ்டேட் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா, எதையும் ஒழுங்காக எழுதி வைப்பவன். அட்டைகளில் நான் வகுத்த விதி உனக்கு நினைவிருக்கும். ஒருவரை அடையாளம் சொல்ல வேண்டுமானால் இரண்டு புகைப்படங்கள் வேண்டும். காது மடல், முன்நெற்றியில் முடி தொடங்கும் கோடு, மோவாய், இந்த மூன்றும் இரண்டிலும் பொருந்தினால் ‘உறுதி’. இரண்டு பொருந்தினால் ‘இருக்கலாம்’. மற்றதெல்லாம் ‘தெரியாது’. ‘தெரியாது’ கட்டுத்தான் எப்போதும் கனமாக இருந்தது. அதில் எனக்கு ரகசியமான கர்வம் உண்டு. நீ படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருந்த அந்த வருஷம் தினமும் என்னோடு உட்கார்ந்து அட்டைகளை உன் அழகான கையெழுத்தில் திரும்ப எழுதினாய். அப்பாவும் பிள்ளையும் வாரத்துக்கு நாலு வார்த்தை பேசிக்கொள்ளாத வீடு நம்முடையது. அந்த மேஜையில்தான் நாம் மணிக்கணக்காகப் பேசினோம். அதனால்தான் எனக்கு இந்த வேலையை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை. பிள்ளையோடு பேசக் கிடைக்கிறதே என்று இதற்குச் சலுகை கொடுத்ததில்தான் விஷயம் கெட்டது.

கூட்டத்தின் ராஜா ஆப்பரேட்டர் சவுந்தரபாண்டி. போடியில் டூரிங் கொட்டகையில் பதினைந்து வருஷம் படம் ஓட்டியவர். “ஓய், நீங்கள்லாம் டிக்கெட் வாங்கி ஒருதரம் பாத்தவுக. நான் ஒரே மூஞ்சிய நாளைக்கு மூணு ஆட்டம் ஓட்டைக்குள்ள பாத்தவன்” என்பார். அதற்கு மேல் பேச யாருக்கும் வாய் வராது. அவர் சொன்ன பெயர்களில் பாதி தப்பு என்று என் அட்டைகளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒருமுறைகூட நான் அவரிடம் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து அட்டையில் மட்டும் திருத்தி வைப்பேன். இது ஒரு கெட்ட பழக்கம், சேகர். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் நீ. சபையில் தலையாட்டிவிட்டு வீட்டில் போய்த் திருத்திக்கொள்கிறவனோடு வாழ்வது எவ்வளவு சிரமம் என்று உன் அம்மாவைக் கேள். அவள் முப்பது வருஷத்து விவரம் வைத்திருப்பாள்.

பேச்சியம்மாள் படி ஏறி வந்த ஞாயிற்றுக்கிழமை நீயும் அங்கே இருந்தாய். இடுக்கி தனி ஜில்லா ஆகி இரண்டு வருஷம் இருக்கும். ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறவள், நீ பிறந்தபோது உன் அம்மாவுக்கு ஒத்தாசையாக வந்து நாற்பது நாள் உன்னைக் குளிப்பாட்டியவள். அதே வருஷம்தான் அவள் புருஷன் கருப்பையா போடிக்கு இறங்கி, ஒரு நாடகக் கம்பெனியோடு சேர்ந்து, சினிமாவில் நடிக்கப்போகிறேன் என்று போனான். கடிதம் இல்லை, ஆளும் இல்லை. அவளிடம் ஒரு போட்டோகூட இல்லை. இருபத்துமூன்று வருஷம் கழுத்தில் தாலியோடு காத்திருந்தாள். அவள் வாசற்படியிலேயே நின்று கேட்டாள்:

“சினிமாவுல நின்ன ஆளுகளையெல்லாம் கண்டுபிடிக்கிறீகளாமே? எங்க வீட்டு ஆளயும் பாத்துச் சொல்லுங்கய்யா.”

மூன்று ஞாயிறு வந்து ஆல்பங்களைப் புரட்டினாள். மூன்றாவது ஞாயிறு ஒரு படத்தில் விரல் நின்றது. ராஜாவுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நிற்கும் ஒரு காவலன். “மூக்கு அவரு மூக்கு மாதிரித்தான் இருக்கு. மீச ஒட்டுனதா இருக்கும்போல” என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. மீதியை நாங்கள் சொன்னோம். ஆப்பரேட்டர் அந்தப் பாட்டுப் புத்தகத்தின் நடிகர் பட்டியலில் விரலை ஓட்டி, காவலன் என்ற இடத்தில் திருவேங்கடம் என்று ஒரு பெயர் இருப்பதைக் காட்டினார். “சினிமாக்காரன் எவன்யா சொந்தப் பேர வச்சிருக்கான்? கருப்பையா திருவேங்கடம் ஆயிட்டான், அவ்வளவுதான்” என்றார். யாரோ பழைய பத்திரிகைக் கட்டிலிருந்து நாலு வரி எடுத்தார்கள்: சிறு வேடங்களில் நடித்த திருவேங்கடம் கோயம்புத்தூரில் நோய்ப்பட்டுக் காலமானார், உறவினர் யாரும் வரவில்லை. எல்லாருக்கும் முகத்தில் ஒரு வெளிச்சம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் முகத்திலும்தான். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு எங்களுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

பேச்சியம்மாள் யாரையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “நீங்க அவரப் பாத்திருக்கீகல்லய்யா. நீங்க சொல்லுங்க.”

நான் அவனைப் பார்த்திருக்க வேண்டும். கருப்பையா எங்கள் தோட்டத்தில் ஆறு வருஷம் வேலை செய்தான். ஆறு வருஷமும் காலையில் செக்ரோலை விரித்து அவன் பெயரைக் கூப்பிட்டவன் நான். அவன் ‘ஆஜர்’ என்பான், நான் ஒரு கோடு போடுவேன். தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. சாமரம் வீசுகிறவனின் முன்நெற்றி எனக்குத் தெரியும். தினமும் ஆறு அடி தூரத்தில் நின்றவனின் முகம் எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அதை அந்தச் சபையில், அந்தப் பெண்ணின் எதிரில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆப்பரேட்டர் வேறு, “கிளார்க்கய்யாவே தலையாட்டிட்டாரு பாருங்க” என்றார், நான் ஆட்டுவதற்கு முன்பே. பிறகு ஆட்டினேன். இரண்டு புகைப்படம் வேண்டும் என்ற என் விதி என்ன ஆனது? ஒரு புகைப்படத்தையும் ஒரு பெண்ணின் ஏக்கத்தையும் ஒப்பிட்டு ‘உறுதி’ என்று சொன்னேன். அட்டையில் இருப்பது உன் கையெழுத்து. சொன்ன வாய் என்னுடையது.

அப்புறம் நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். அந்த வாரமே நீ வேலை கிடைத்து சென்னைக்குப் போய்விட்டாய். அவள் தம்பி கோடிச் சேலை எடுத்து வந்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் சனமெல்லாம் கூடி நிற்க, பெண்கள் அவளை உட்கார்த்தி வைத்துத் தாலியைக் கழற்றினார்கள். படிப்பகத்துக்காரர்கள் எல்லாரும் போயிருந்தோம். ஆப்பரேட்டர் என் காதில், “அடையாளம் கண்டுபிடிச்சுக் குடுத்தோம்ல, இல்லாட்டி பாவம் காலமெல்லாம் காத்துக் கெடந்திருப்பா” என்றார். புண்ணியம் செய்த பூரிப்பு அவருக்கு. நான் அந்தப் படத்தைக் கத்தரித்துக் கொடுத்தேன். அவள் அதைப் போடியில் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் பூ, விளக்கு.

இனி உனக்குத் தெரியாத பாதி. இரண்டு வருஷத்துக்கு முன்பு மூர் மார்க்கெட்டில் வாங்கியதாக ஒரு கட்டுப் பாட்டுப் புத்தகங்களை நீ அனுப்பினாய். நீ பிரித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அதில் வேறொரு படத்தின் புத்தகம், இன்னும் பழையது. அதன் நடுப்பக்கத்தில் அதே ராஜா, அதே காவலன், அதே ஈட்டி. ஈட்டி முனைக்குப் பக்கத்தில் நம் படத்தில் ஒரு வெள்ளைக் கீறல் உண்டே, அச்சுக் கோளாறு என்று நாம் விட்டுவிட்டது, அந்தக் கீறலும் அதே இடத்தில். பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, ஒரே அச்சு பிளாக்கிலிருந்து அடித்தது. அந்தக் காலத்தில் பாட்டுப் புத்தகம் அடிக்கிற அச்சகத்துக்காரன், புதுப் படத்துக்கு பிளாக் செய்யச் சோம்பல்பட்டு, அலமாரியில் கிடந்த பழைய படத்து பிளாக்கையே போட்டுத் தள்ளியிருக்கிறான். ராஜா என்றால் ராஜா, காவலன் என்றால் காவலன், எவன் பார்க்கப்போகிறான்? நாங்கள் பார்த்தோம். எதிர்ப்பக்கத்தில் இருந்த பெயரை எடுத்து அந்த முகத்தில் ஒட்டினோம். பழைய புத்தகத்தின் நடிகர் பட்டியலில் திருவேங்கடம் என்ற பெயரே இல்லை. ஆக, திருவேங்கடம் செத்துப்போனது உண்மையாக இருக்கலாம், ஆனால் ஈட்டி பிடித்தவன் திருவேங்கடம் இல்லை.

அதோடும் நிற்கவில்லை. பழைய புத்தகத்தின் அட்டையில் அச்சான வருஷம் இருந்தது. சுதந்திரத்துக்கு முந்திய வருஷம். மறுநாள் ஆபீஸ் பரணில் ஏறி அந்த வருஷத்துச் செக்ரோலையும் அதற்கு முந்தையதையும் இறக்கினேன். எல்லா மாதமும் கருப்பையா பெயருக்கு நேரே என் கோடுகள். காய்ச்சலுக்கு இரண்டு நாள், திருவிழாவுக்கு மூன்று நாள், அவ்வளவுதான் விடுமுறை. அந்தப் படத்துக்கு அவர்கள் காமிரா வைத்தபோது கருப்பையா இங்கே ஏலச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தான். ஈட்டி பிடித்தவன் கருப்பையாவும் இல்லை. யாரோ ஒருவன். அவனுக்குத்தான் அவள் பூப்போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வழக்கம்போல அட்டையில் திருத்தினேன். உன் கையெழுத்தை ஒரே கோட்டில் அடித்து ‘தெரியாது’ என்று எழுதி, புத்தகத்தை மரப்பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் நாட்டில் எமர்ஜென்சி முடிந்து ஆட்சியே மாறிவிட்டது, எனக்கு வாய் திறக்கவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, ஆறிய புண்ணைக் கிளறுவானேன் என்றெல்லாம் எனக்கு நானே மரியாதையான காரணங்கள் சொல்லிக்கொண்டேன். கோழைகளுக்குக் காரணம் கிடைப்பது போல வேறு யாருக்கும் கிடைக்காது.

போன வாரம் உன் கல்யாணத்துக்கு மஞ்சள் இடிக்க ஐந்து சுமங்கலிகளைக் கூப்பிட உன் அம்மா லயத்துக்குப் போனாள். பழைய ஞாபகத்தில் முதலில் பேச்சியம்மாள் வீட்டு வாசலில் நின்று, “உன் கையால குளிச்ச பிள்ளைக்குக் கல்யாணம்டி” என்றிருக்கிறாள். அவள் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, “நா எதுக்க வரக்கூடாதுக்கா. பிள்ள நல்லாருக்கணும்” என்றாளாம். உன் அம்மா வீட்டுக்கு வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மறுநாள் உன் கடிதம் வந்தது, அந்தப் பெண்ணை வைத்து வாசகர்களை உருக்கப்போவதாக. உன்மேல் எனக்கு வந்த அருவருப்பை மறைக்கவில்லை. அது என்னிடமிருந்து உனக்கு வந்த சொத்து என்பதையும் மறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். அவள் தனியாக உட்கார்ந்து முறத்தில் காய் பிரித்துக்கொண்டிருந்தாள். பிளாக், கீறல், செக்ரோல் எல்லாம் சொன்னேன். ஆபீசுக்கு மனு எழுதுவது போல் வரிசையாகச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

“அப்ப அவரு சாகலையா?”

“தெரியாதும்மா.”

“செத்திருக்கவும் செய்யலாம்.”

“செய்யலாம். அதுவும் தெரியாது.”

“இந்தத் ‘தெரியாது’ அன்னிக்கு எங்க போச்சுங்கய்யா?”

அவனுடைய முகமே எனக்கு நினைவில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஆறு வருசம் பேரு கூப்பிட்டீகளே!”

“ஆமா.”

“அப்ப செவுத்துல இருக்கிறவன் யாரு?”

“யாரோ.”

அவள் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள், சேகர். “நல்லாயிருக்குய்யா ஒங்க வேல. நாலு வருசமா எவனுக்கோ மால போட்டிருக்கேன். கட்டுன மனுசன் கூட இருந்தப்ப ஒருநா இவ்வளவு மருவாதி செஞ்சதில்ல.” சிரிப்பு நின்றதும் என்னை நேராகப் பார்த்தாள். “இப்ப என்னத்துக்கு வந்து சொல்றீக? ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நா மஞ்ச இடிக்கணும்னா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முழுப் பொய்யாக இருந்திருக்கும்.

“எந் தம்பி, லயத்துச் சனம், அந்த ஆப்பரேட்டரு, எல்லாரும் நிக்கத்தான் கழட்டுனேன். நீங்க எங் காதுல மட்டும் வந்து ரகசியம் சொல்றீக.”

“படிப்பகத்தில் வேண்டுமானால் எல்லார் முன்னாடியும்...” என்று தொடங்கினேன். சொல்லும்போதே என் குரல் இறங்கியது அவளுக்குக் கேட்டிருக்கும்.

“அங்க நீங்க பேசுவீகளாக்கும்! ஆப்பரேட்டரு ஒரு தொண்டயக் கனச்சா ஒக்காந்துருவீக. வேணாம். பொஸ்தகத்துல போட்டிருக்கு, பேப்பர்ல வந்திருக்குன்னு சொன்னீக. அச்சுல இருந்ததாலதான் நம்புனேன். இதுவும் அச்சுலயே வரட்டும். வந்தபெறகு தாலிய எடுத்துக் கட்டிக்கிடுறதா, போட்டோவ எறக்குறதான்னு நா பாத்துக்கிடுறேன். அதுக்கு ஒங்க சங்கம் ஓட்டுப் போட வேணாம்.”

பெயரைப் போடலாமா என்று கேட்டேன். “எம் பேரயும் போடுங்க, ஒங்க பேரயும் போடுங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரட்டும்” என்றாள். கருப்பையா எப்படி இருப்பான் என்று அவளிடம் கேட்டேன். நாங்கள் யாரும் அவளை இதுவரை கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று ஞாயிறு அவளுக்குப் படங்களைக் காட்டினோமே தவிர, உன் புருஷன் எப்படி இருப்பான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே உன் பத்திரிகைக்கு இந்தக் கடிதத்தைக் கொடு. படம் வேண்டாம். ஆசிரியர் நீளம் என்று சொன்னால் மேலே இருப்பதையெல்லாம் வெட்டட்டும், எனக்கு வருத்தமில்லை. நம்மைப் போன்றவர்களுக்காக அவர்கள் நடத்தும் பக்கத்தில் முதல் வாரமே ஒரு தப்பு வெளிவருவது பொருத்தமாகத்தான் இருக்கும். உனக்கு அந்த வேலை போகும் என்றால் போகட்டும். கீழே இருப்பதை மட்டும் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் போட வேண்டும். போட்ட இதழில் இரண்டு பிரதி அனுப்பு. ஒன்று படிப்பகத்துக்கு, ஆப்பரேட்டர் பெயருக்கு. மற்றதை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதுவரை கல்யாண மஞ்சளைப் பற்றி அவளிடம் யாரும் பேச வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

சாந்தன்பாறை ஏலக்காய் ஸ்டோரில் வேலை செய்யும் பேச்சியம்மாளின் கணவர் கருப்பையா இறந்துவிட்டார் என்று நான்கு வருஷத்துக்கு முன் அடையாளம் சொன்னவன், எஸ்டேட் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த அருணாசலம் ஆகிய நான். அது தவறு. படத்தில் இருப்பவர் கருப்பையா அல்ல. பத்திரிகையில் இறந்ததாக வந்தவர் கருப்பையா என்பதற்கும் எந்த ஆதாரமும் இல்லை. ஆறு வருஷம் அவரைத் தினமும் பார்த்திருக்க வேண்டிய எனக்கு அவர் முகம் நினைவில்லை. அவர் மனைவிக்கு நினைவிருக்கிறது. கறுத்த, உயரமான ஆள். இடது புருவத்தில் கவாத்துக் கத்தி பட்ட வெட்டு. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார், முன்பல் ஒன்று பாதி. கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டார், இரண்டாம் தரம் கூப்பிட வேண்டும். இப்போது அறுபது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். இப்படி ஒருவரைத் தெரிந்தவர்கள் பேச்சியம்மாளுக்கு ஒரு கார்டு போடவும். ஆளை அனுப்ப வேண்டாம் என்று பேச்சியம்மாள் சொல்லச் சொன்னார். இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் எழுதினால் போதும். தெரியாவிட்டால் எழுத வேண்டாம்.